ரத்தம் உறைந்த குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வருமா?

கேள்வி:

எங்களுக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடும் வேலைக்குப் போகிறவர். வருசத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார். எங்களுக்கு ஒரே பெண், ஆறு வயது. மாசி மாதம் கோயில் நோம்பி முடிந்த மறுநாள் பாப்பாவுக்கு ரத்தமும் சீதமுமாக வயிற்றால் போனது. மருந்துக்கடையில் சொல்லி, பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஆறாம் நாள் பேதி நின்றுவிட்டது. ஆனால் முகம் வெளுத்து, கண் ரப்பை வீங்கி, ஒரு பகல் முழுக்க ஒன்றுக்கே போகவில்லை.

ரத்தம் பார்த்தபோது வெள்ளை அணு 54,000, பிளேட்லெட் 22,000, ஹீமோகுளோபின் 5.8 என்று வந்தது. முதலில் பார்த்த இடத்தில் "பிளட் கேன்சராக இருக்கலாம், உடனே பெரிய இடத்துக்குப் போங்கள்" என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சேலத்தில் சேர்த்து ஒன்பது நாள் டயாலிசிஸ் செய்தார்கள். எலும்பு மஜ்ஜையும் எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் இல்லை, 'எச்.யு.எஸ்.' என்றார்கள். சிறுநீரகத்தில் இருக்கும் பொடி ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்துவிட்டதாம். பாப்பா பிழைத்து வந்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஏழு வருசத்துக்கு முன் என் நாத்தனார் மகன், பதினோரு வயசுப் பையன், ஈறில் ரத்தம் வடிந்து, உடம்பெல்லாம் நீலத் திட்டாக வந்து, மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டான். காய்ச்சல் என்று நாலு நாள் பக்கத்திலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே "உள்ளே ரத்தம் உறைகிறது, அதனால்தான் வெளியே ரத்தம் நிற்கவில்லை" என்றார்கள். ஃபைலில் 'ஏ.எம்.எல். எம்-3' என்று எழுதியிருக்கிறது. அவனுக்கு வெள்ளை அணு 2,100தான் இருந்ததாம். "வெள்ளை அணு குறைவாக இருக்கும்போது அது எப்படி பிளட் கேன்சர்?" என்று நாத்தனார் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு பேருக்கும் ரத்தம் உறைந்த நோய்தான். எங்கள் பாப்பாவுக்கும் இது பின்னால் புற்றுநோயாக மாறும் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். இது குடும்ப நோயா? பயத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கவுன்ட் பார்க்கிறோம். லேப் வாசலைக் கண்டாலே அழுகிறாள். கடைசி ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 8,200, பிளேட்லெட் 3.1 லட்சம், கிரியாட்டினின் 0.6, சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். பிரஷர் 110/70, நார்மல் என்றார்கள். முட்டை கொடுக்கவே கூடாது என்கிறார் மாமியார். நீங்கள்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

பதில்:

மாறாது, அம்மா. உங்கள் பெண்ணுக்கு வந்த நோய் ரத்தப் புற்றுநோயாக மாறுகிற நோய் அல்ல. பேதிக்குப் பின் இந்த நோய் வந்து குணமான குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட ரத்தப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பதினைந்து நாள் கவுன்ட்டை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய எண்களில் ஒன்று எனக்குக் கவலை தருகிறது. அது வெள்ளை அணு அல்ல. 110/70 என்ற அந்தப் பிரஷர்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இரண்டு குழந்தைகளுக்கும் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மேட்டூர்த் தண்ணீர் பாயும் வயலில் மடைவாயைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முள் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் எப்படியாவது பீறிக்கொண்டு போகத்தான் பார்க்கும். மிதந்துவருகிற வாழைச்சருகு அந்த முள்ளில் மாட்டிக் கிழிந்து, துண்டு துண்டாக மறுபக்கம் போகும். கீழ்வாய்க்காலில் கிழிந்த சருகைப் பார்ப்பவருக்கு, மேலே எங்கோ முள் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்களில் பிளேட்லெட்டுகள் ஒட்டி அடைத்துக்கொள்ளும்போது சிவப்பணுக்களுக்கு நேர்வதும் இதுதான். அவை கிழிந்து, தலைக்கவசம் மாதிரியும் பிறைத்துண்டு மாதிரியும் ரத்தத்தில் சுற்றும். விரலளவு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் அந்தத் துண்டுகள் தெரியும். ஸ்மியர் என்று லேபில் சொல்வது இதைத்தான்.

நியூயார்க்கில் எலி மாஸ்கோவிட்ஸ் என்ற மருத்துவர், காய்ச்சலோடு இறந்துபோன 16 வயதுப் பெண்ணின் உடலுறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து, பொடிக் குழாய்களை அடைத்திருந்த இந்த உறைகட்டிகளை 1924-இல் முதன்முதலில் விவரித்தார். அவர் கண்டது வேறொரு வகை. உங்கள் பெண்ணுக்கு வந்த வகைக்குப் பெயர் கிடைத்தது 1955-இல், சுவிட்சர்லாந்தில். ஆனால் அது தமிழ்நாட்டுக்குப் புதிய நோய் அல்ல. ரத்தபேதிக்குப் பிறகு இந்த நோய் வந்த தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரகுபதியும் அவரோடு பணிசெய்தவர்களும் 1978-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். அப்போது ஷிகெல்லா என்ற கிருமி ரத்தபேதிக் கொள்ளைநோயாகத் தெற்கில் பரவியிருந்த காலம். அந்தக் கிருமியில் ஒரு வகையும், மாட்டின் குடலில் வாழும் ஒருவகை இ-கோலைக் கிருமியும் ஒரே மாதிரி நஞ்சைச் சுரக்கின்றன. குடலில் புகுந்த நஞ்சு ரத்தத்தோடு போய், சிறுநீரகத்தின் வடிகட்டிக் குழாய்களுடைய உள்சுவரைப் புண்ணாக்கும். புண்பட்ட இடத்தில் பிளேட்லெட் ஒட்டும். அதனால் பிளேட்லெட் குறைகிறது, சிவப்பணு கிழிந்து ரத்தசோகை வருகிறது, வடிகட்டி அடைத்துச் சிறுநீர் நிற்கிறது. பேதி தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், பேதி குறைந்து வீட்டார் நிம்மதியாக மூச்சுவிடுகிற நேரத்தில்தான் இது வரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அப்படியானால் அந்த 54,000 வெள்ளை அணு எங்கிருந்து வந்தது? இதே காலத்தில் டாக்காவில் ஷிகெல்லா பேதியை ஆராய்ந்தவர்கள், சிறுநீரகம் பழுதான குழந்தைகள் பலருக்கு வெள்ளை அணு 50,000-ஐத் தாண்டுவதைக் கண்டார்கள். நச்சுக்கு எதிராக உடம்பு தன்னிடமிருக்கும் படையை எல்லாம் ஒரே நேரத்தில் களத்தில் இறக்குகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ரத்தப் புற்றுநோய் போலவே இருக்கும். ஸ்மியரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உங்கள் பெண்ணின் ரத்தத்தில் இருந்திருக்கக்கூடியவை முற்றிய, வேலைசெய்கிற வெள்ளணுக்கள். புற்றுநோயில் இருப்பவை முதிராத குருத்தணுக்கள். முதலில் பார்த்தவர் புற்றுநோயைச் சந்தேகித்ததைத் தவறென்று சொல்லமாட்டேன். அந்தச் சந்தேகம்தான் உங்களை அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பியது. ஆனால் அந்த வார்த்தையை ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு முன் பத்து நிமிடம் ஸ்மியரைப் பார்த்திருக்கலாம். அது எனக்கு வருத்தம்தான்.

இனி உங்கள் நாத்தனார் மகன். இதை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது.

அவன் ஃபைலில் இருக்கும் எம்-3 என்பது ரத்தப் புற்றுநோயில் தனியான ஒரு வகை. நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் 1957-இல் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். வந்த சில வாரங்களுக்குள் ரத்தம் கசிந்து கொல்கிற நோய் என்று அவர் எழுதினார். 15-ஆவது, 17-ஆவது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால், ஒருவகை வெள்ளணு பாதி வளர்ச்சியிலேயே நின்று பெருகுகிறது. அந்த அரைகுறை அணுவுக்குள் சுள்ளிக்கட்டு போல ஊசித்துகள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அந்த அணுக்கள் வெளியிடும் பொருள்கள் உடம்பெங்கும் பொடிக் குழாய்களில் ரத்தத்தை உறையவைக்கின்றன, உறைந்ததை அவசரமாகக் கரைக்கவும் செய்கின்றன. உறைவதற்கு வேண்டிய சரக்கெல்லாம் உள்ளேயே செலவழிந்து கிட்டங்கி காலியாகிவிடும். பல் துலக்கும்போது ஈறில் பட்ட கீறலை அடைக்கக்கூட எதுவும் மிஞ்சாது. "உள்ளே உறைகிறது, அதனால்தான் வெளியே நிற்கவில்லை" என்று உங்களிடம் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வெள்ளை அணு 2,100 என்றதும் அது புற்றுநோயாக இருக்காது என்று நாத்தனார் நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த வகையில் கவுன்ட் குறைவாக இருப்பதுதான் வழக்கம். நோயணுக்கள் மஜ்ஜைக்குள்ளேயே நெருக்கியடித்துக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற ஏ.எல்.எல். வகையிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெள்ளை அணு 10,000-க்கும் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் ஒரே குடும்பத்தில் 54,000 வைத்திருந்த குழந்தைக்குப் புற்றுநோய் இல்லை, 2,100 வைத்திருந்த குழந்தைக்கு இருந்தது. எண்ணை மட்டும் வைத்து நோயைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் எங்கே தேடுவேன்?

ஆக, உறவுக்காரர்கள் தொடர்பு இருக்கிறது என்று சொன்னதில் பாதி உண்மை உண்டு. திசைதான் மாறிவிட்டது. ரத்தப் புற்றுநோய் பொடிக் குழாய்களில் உறைவை உண்டாக்கும். உறைவு ரத்தப் புற்றுநோயை உண்டாக்காது. எம்-3 அளவுக்கு வேறெந்தப் புற்றுநோய் வகையும் உறைவை உண்டாக்குவதில்லை. ஏ.எல்.எல். நோயே உங்கள் பெண்ணுக்கு வந்ததைப் போன்ற தோற்றத்தில் முதன்முதலாக வெளிப்பட்ட குழந்தைகளும் மருத்துவ ஏடுகளில் உண்டு, விரல்விட்டு எண்ணும் அளவில். அதனால்தான் சேலத்தில் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை சுத்தமாக வந்து, ஐந்து மாதமாக எல்லா அணுக்களும் சரியான அளவில் இருக்கும்போது அந்தக் கதவு மூடிவிட்டது.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. இது உங்களுக்கு வேண்டாததுதான். ஆனால் இதைப் படிக்கிற வேறு வீடுகளில் ஏ.எல்.எல். சிகிச்சை எடுக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். சிகிச்சையே சிலசமயம் உறைவைத் தரும். அஸ்பராஜினேஸ் ஊசி, ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களையும் குறைத்துவிடுவதால் மூளையின் பெரிய சிரைகளில்கூட உறைகட்டி வரலாம். அந்த ஊசி நடக்கிற வாரங்களில் விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். தியோகுவானின் என்ற மாத்திரையை நீண்டநாள் கொடுத்துப்பார்த்த பிரிட்டன் ஆய்வில் கல்லீரலின் பொடிக் குழாய்கள் அடைத்துக்கொண்டதால்தான், பழைய மெர்காப்டோபியூரினே இன்றும் நடைமுறையில் நிலைத்திருக்கிறது. மஜ்ஜை மாற்று செய்துகொண்ட பிள்ளைகளுக்கு சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் இதே கிழிந்த சிவப்பணுக்கள் தோன்றலாம். பெரும்பாலும் ஏறுகிற பிரஷரும் சிறுநீரில் புரதமும்தான் அதற்கு முதல் அடையாளம்.

சரி, இந்த வேறுபாட்டை இவ்வளவு விரித்துச் சொல்ல என்ன அவசியம்? காரணம் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று குழந்தைகள் வருகிறார்கள், மூவருக்கும் பிளேட்லெட் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு டெங்கு. ரத்தம் வடியாதவரை அவனுக்குப் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. நீர்ச்சத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் தானே ஏறிவிடும். அடுத்தது உங்கள் பெண். பெரிதாக ரத்தம் வடிந்தாலோ, பெரிய குழாய் செருகவேண்டியிருந்தாலோ தவிர, அவளுக்குப் பிளேட்லெட் ஏற்றத் தயங்குவோம். ஏற்றுவது அடைப்புக்குத் தீனி போட்டதாகிவிடும் என்ற அச்சம் உண்டு. மூன்றாவது உங்கள் நாத்தனார் மகன். அவனுக்குத் தயங்காமல் பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் திரும்பத் திரும்ப ஏற்றவேண்டும், அன்றிரவே. எண் ஒன்றுதான், வைத்தியம் மூவருக்கும் வேறுவேறு. இந்த மூவரையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கண்ணாடித் துண்டும், உறைவு நேரத்தைச் சொல்லும் சாதாரண ரத்தப் பரிசோதனையும்தான். சிறுநீரக வகையில் உறைவு நேரம் பெரும்பாலும் மாறாது. எம்-3-இல் நேரம் நீண்டு, ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் சரிந்துகிடக்கும். "ஸ்மியரைப் பார்க்காமல் ரத்தத்தைப் பற்றி வாய் திறக்காதே" என்று என் ஆசிரியர் சொல்வார். நடுராத்திரியில் லேப் பூட்டை அவரே திறந்து விளக்கைப் போடுவார்.

எம்-3-க்கு வருகிறேன். எவ்வளவு வேகமாகக் கொல்லுமோ, காலத்தில் பிடித்தால் அவ்வளவு நிச்சயமாகக் குணமாகிற நோய் அது. ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர் 1985-இல், சாகும் நிலையிலிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு வைட்டமின்-ஏ-யிலிருந்து வந்த ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்தார். அது நோயணுவைக் கொல்லாமல் வளரவைத்தது. பாதியில் நின்ற அணு முற்றி, வயசாகி, தானே உதிர்ந்தது. உறைவும் கசிவும் அடங்கின. அந்தச் சிறுமி பிழைத்தாள். ஹார்பின் நகர மருத்துவர்கள் இதே நோய்க்கு ஆர்செனிக்கைப் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் பாஷாணம் என்று பயப்படும் அதே பொருளைச் சுத்திகரித்து, அளந்து, நரம்பில் ஏற்றினார்கள்.

அடுத்த கட்டம் நடந்தது நமக்கு மூன்று மணி நேர ரயில் தூரத்தில். காட்பாடியில் இறங்கினால் வேலூர். சி.எம்.சி.யில் மம்மன் சாண்டி, அலோக் ஸ்ரீவத்சவா, விக்ரம் மேத்யூஸ், பிஜு ஜார்ஜ் ஆகியோர் இருந்த ரத்தநோய்ப் பிரிவில், 1998 முதல் எம்-3 நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மேலைநாடுகளில் வழக்கமாயிருந்த கடும் கீமோதெரபியின் செலவையும் அதன் பின்விளைவையும் இங்குள்ள குடும்பங்கள் தாங்கமாட்டா என்பது அவர்களுக்குத் தெரியும். 2004-இல் 11 குழந்தைகளின் முடிவை வெளியிட்டார்கள், அதில் 10 பேருக்கு நோய் அடங்கியது. 2006-இல் 72 நோயாளிகளின் முடிவு வந்தது, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. ஆர்செனிக்கை முதல் மருந்தாக வைக்கலாமா என்று உலகம் தயங்கிக்கொண்டிருந்தபோது வேலூர் செய்து காட்டிய வேலை இது. பின்னர் மேலைநாடுகளில் ரெட்டினாயிக் அமிலத்தையும் ஆர்செனிக்கையும் சேர்த்துக் கொடுத்து 154 குழந்தைகளில் செய்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. சாதாரண ஆபத்துப் பிரிவில் 98 சதவீதமும், கூடுதல் ஆபத்துப் பிரிவில் 96 சதவீதமும் இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தார்கள். (ஆர்செனிக் என்றதும் பாஷாண மருந்தை வெளியில் தேடாதீர்கள். இதயத் துடிப்பையும் உப்புச்சத்தையும் அளந்துகொண்டே ஏற்றவேண்டிய மருந்து அது.)

இன்னும் இறப்பவர்கள் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் இறக்கிறார்கள், அதுவும் மூளை ரத்தக்கசிவில், மருந்து தொடங்கும் முன்போ தொடங்கிய கையோடோ. அதனால் மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், ஸ்மியரில் சுள்ளிக்கட்டு அணுவைக் கண்டு சந்தேகம் வந்ததுமே ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிடவேண்டும் என்பதுதான் இன்றைய விதி. உங்கள் நாத்தனாரிடம் என்ன சொல்வது? நாலு நாள் முன்னால் போயிருந்தால் அவன் நிச்சயம் பிழைத்திருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாம் நாளே கசிவு வந்திருக்கவும் கூடும். இதை மட்டும் சொல்லுங்கள்: அந்த ஊசி அவனுக்கு நோயைக் கொண்டுவரவில்லை. அவர் பிள்ளையைக் காய்ச்சலென்று நினைத்துப் பக்கத்தில் காட்டியது, இந்த மாவட்டத்தில் எந்தத் தாயும் செய்திருக்கக்கூடியது. வெள்ளை அணு குறைவாக இருந்தபோதும் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஊசி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் பிளேட்லெட் குறைவுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கைக்கெட்டிய மருந்தாகப் போடும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. ஏ.எல்.எல். உள்ள பிள்ளைக்கு அதைப் போட்டால் குருத்தணுக்கள் தற்காலிகமாக மறையும், காய்ச்சல் விடும், வலி போகும். சில வாரம் கழித்து நோய் திரும்பி வரும்போது அதைக் கண்டுபிடிப்பதும் சிரமம், சிகிச்சையும் கடினம். பிள்ளை வெளுத்திருக்கிறது, காரணமின்றி நீலத் திட்டு வருகிறது, கால் எலும்பு வலியில் இரவில் அழுகிறது, பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் குறைந்திருக்கிறது என்றால், ஸ்மியர் பார்க்காமல் ஸ்டீராய்டு வேண்டாம் என்று நீங்களே கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மருந்துக்கடை மாத்திரையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ரத்தத்தோடு போகிற பேதியை மாத்திரை போட்டு நிறுத்தக்கூடாது. வெளியே போகவேண்டிய நஞ்சு குடலில் தேங்கும். உங்கள்மீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த முறை, எந்தப் பிள்ளைக்கானாலும், ரத்தபேதி என்றால் மருத்துவரிடம் காட்டி, பத்து நாள்வரை ஒன்றுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், நோம்பிக் காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுப்பதும் இந்த நோய்க்கு எதிராக நம்மிடம் இருக்கும் எளிய காவல்.

குடும்ப நோயா என்று கேட்டீர்கள். இல்லை. பாப்பாவுடையது கிருமி வந்து தொற்றியது. எம்-3-இன் குரோமோசோம் மாற்றம் அவன் மஜ்ஜையின் ஓர் அணுவில் நேர்ந்தது. அப்பா அம்மாவிடமிருந்து வருவதல்ல, அத்தை வீட்டிலிருந்து மாமன் வீட்டுக்குப் பரவுவதும் அல்ல. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பேதியே இல்லாமல் இதே நோய் வருகிற வேறொரு வகை உண்டு. இந்தியக் குழந்தைகளில், 'காரணி எச்' என்ற காவல் புரதத்துக்கு எதிராக உடம்பே எதிர்ப்புப்பொருள் உண்டாக்குவதால் அது அதிகம் வருகிறது. டெல்லி எய்ம்ஸின் அர்விந்த் பாகாவும் மற்ற மருத்துவர்களும் 138 குழந்தைகளை இப்படிக் கண்டறிந்து 2014-இல் எழுதினார்கள். அந்த வகை திரும்பவும் வரலாம், ஆனால் பிளாஸ்மா மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். பாப்பா பேதியின்றி மறுபடி வெளுத்து, சிறுநீர் குறைந்தால் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 110/70. பெரியவர்களுக்கு அது நல்ல பிரஷர்தான். ஆறு வயதுச் சிறுமிக்கு அது மேல்வரம்பில் நிற்கிறது. பெரியவர் பட்டையைக் குழந்தையின் கையில் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டலாம். கூடவே சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வடிகட்டியில் ஆறாத வடு கொஞ்சம் இருக்கிறதோ என்று நினைக்கத் தோன்றுகிறது. இந்த நோயிலிருந்து மீண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் ஏதாவது ஒரு குறை மிஞ்சுவதாக, 3,476 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. ரத்தப் புற்றுநோயை எதிர்பார்த்து நீங்கள் காவல் நின்ற வாசல் வேறு, அம்மா. காவல் வேண்டிய வாசல் இது.

இந்த வாரமே சேலத்தில் டயாலிசிஸ் செய்த பிரிவில் குழந்தைப் பட்டையால் பிரஷர் பாருங்கள், மூன்று தடவை, அழாமல் உட்காரவைத்து. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரில் புரதமும் கிரியாட்டினினும் என்ன விகிதம் என்று பாருங்கள். புரதம் தொடர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை கொடுப்பார்கள், பயப்படாமல் கொடுங்கள். பிரஷரும் சிறுநீரும் அவர்கள் சொல்கிற இடைவெளியில் ஒழுங்காகப் பார்க்கவேண்டும், எல்லாம் சரியாக இருந்தாலும் ஐந்து வருடமாவது வருடத்துக்கு ஒருமுறை. ரத்தம் எடுப்பது அப்போது போதும். காய்ச்சல், வலிக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுப்ரோஃபன் வகை வலிமாத்திரை அவளுக்கு வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கடைத் தட்டுவடை செட் எல்லாம் எப்போதாவது ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உப்புதான் காரணம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும். வீட்டுக்காரர் வடக்கே இருக்கிற மாதங்களிலும் அது உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், கிரியாட்டினின் 0.6 இருக்கிற குழந்தைக்கு முட்டையைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை. ஒன்பது நாள் டயாலிசிஸில் இளைத்த உடம்பு அது. பள்ளிக்கூடத்தில் மதியம் போடுகிற முட்டையைச் சாப்பிடட்டும். வீட்டில் கொடுப்பதானால் மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துக் கொடுங்கள்.